தலைப்பில் 1,600 கோடி, உள்ளே எத்தனை?

"1,600 கோடி பாஸ்வேர்ட் கசிந்தது" என்று 2025 ஜூனில் ஒரு செய்தி ஊரெல்லாம் சுற்றியது. உலக மக்கள்தொகையே அதில் பாதிதான். அந்த ஒரு கணக்கே யோசிக்க வைத்திருக்க வேண்டும். அன்றைக்கு எந்தப் பெரிய நிறுவனத்தின் சர்வரும் உடைபடவில்லை. பூட்டில்லாமல் இணையத்தில் சிறிது நேரம் திறந்து கிடந்த சுமார் 30 தரவுத் தொகுப்புகளைக் கூட்டிச் சொன்ன தொகைதான் அது. ஒரே விவரம் பல தொகுப்புகளில் திரும்பத் திரும்ப இருக்கும். பழைய கசிவுகளும் கலந்திருக்கும்.

இப்படிப்பட்ட செய்திகளில் எண்ணுவது ஆட்களை அல்ல, வரிகளை. 2019 ஜனவரியில் வெளிவந்த, பல கசிவுகளைத் திரட்டிய 'கலெக்‌ஷன் 1' தொகுப்பைப் பாருங்கள். மொத்த வரிகள் 269 கோடி. அதில் தனித்தனி மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 77 கோடி. தனித்தனி பாஸ்வேர்ட் எத்தனை? வெறும் 2.1 கோடி. மூன்று எண்ணும் உண்மைதான். தலைப்புக்கு எது போகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால், தொகை ஊதிப்போனது என்பதற்காகச் செய்தியை ஒதுக்கிவிடவும் கூடாது. அந்த 1,600 கோடியில் பெரும்பகுதி 'இன்ஃபோஸ்டீலர்' வகைத் திருட்டு மென்பொருள் வாரிக்கொண்டு போனது. கிராக் செய்த மென்பொருளோடும் போலி அப்டேட்டோடும் ஒட்டிக்கொண்டு கணினிக்குள் வரும் ரகம் இது. பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்ட் அத்தனையையும் தளத்தின் முகவரி, பயனர்பெயர், பாஸ்வேர்ட் என்று வரிவரியாக எடுத்துவிடும். கூடவே குக்கிகளையும் எடுக்கும்; நீங்கள் லாகின் ஆகியிருப்பதைத் தளம் அடையாளம் காணப் பிரவுசரில் வைக்கும் சிறு தரவு அது. ஆபத்து இந்தக் குக்கியில்தான் அதிகம். ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கும் அமர்வின் குக்கி கையில் கிடைத்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். நேராக உள்ளே போய்விடலாம்.

"உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள்" என்ற வழக்கமான அறிவுரை இங்கேதான் சறுக்குகிறது. திருட்டு மென்பொருள் இருக்கும் கணினியில் உட்கார்ந்து புது பாஸ்வேர்ட் அடித்தால், அதுவும் அதே வழியில் போகும். முதலில் கணினியைச் சுத்தம் செய்ய வேண்டும்; சந்தேகம் பலமாக இருந்தால் இயங்குதளத்தையே புதிதாக நிறுவிவிடுவது நல்லது. அதுவரை வேறு கருவியைப் பயன்படுத்துங்கள். அடுத்து மின்னஞ்சல் கணக்கு. மற்ற எல்லாக் கணக்கின் 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' இணைப்பும் அங்கேதான் வந்து விழும் என்பதால் அதற்குத்தான் முதலிடம். பாஸ்வேர்டை மாற்றி, 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள். பல சேவைகளில் பாஸ்வேர்ட் மாற்றினாலே பழைய அமர்வுகள் முடிந்துவிடும், எல்லாவற்றிலும் அல்ல. பிறகு, பலரும் பார்க்காமல் விடும் ஒன்று: மின்னஞ்சல் அமைப்புகளில் தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் விதி ஏதும் முளைத்திருக்கிறதா, மீட்பு எண்ணும் மீட்பு முகவரியும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் கடிதங்கள் வெளியே போய்க்கொண்டிருந்தால் காரணம் பெரும்பாலும் இந்த விதிதான்.

உங்கள் பாஸ்வேர்ட் பழைய கசிவுகளில் இருக்கிறதா என்று பார்க்க, பாதுகாப்பு ஆய்வாளர் டிராய் ஹன்ட் 2013 டிசம்பரில் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளம் இருக்கிறது. பாஸ்வேர்டையே ஒரு தளத்தில் தட்டச்சு செய்வதா என்ற தயக்கம் நியாயமானது. அங்கே நடப்பது இதுதான்: பிரவுசரே உங்கள் பாஸ்வேர்டை ஷா-1 முறையில் 40 எழுத்து ஹேஷாக (நேராகத் திரும்பப் பாஸ்வேர்டாக்க முடியாத ஒரு கைரேகை போல) மாற்றி, முதல் 5 எழுத்தை மட்டும் அனுப்புகிறது. அந்த 5 எழுத்தில் தொடங்கும் நூற்றுக்கணக்கான ஹேஷ்களின் மிச்சப் பகுதி திரும்பி வருகிறது. ஒப்பிடுவது உங்கள் பக்கத்திலேயே. செய்தியோடு சேர்ந்து முளைக்கும் "நீங்கள் பாதிக்கப்பட்டவரா?" பக்கங்கள் எல்லாம் இந்த ஒழுங்கில் இயங்கும் என்று நம்பாதீர்கள்.

இன்னொரு அன்றாடத் தலைப்பு: "10-க்கு 9.8 மதிப்பெண் பெற்ற பயங்கர ஓட்டை". இது சிவிஎஸ்எஸ் மதிப்பெண்; மென்பொருள் ஓட்டையின் கடுமையை அளக்கும் பொது அளவுகோல். எண்ணைவிட அதன் பக்கத்தில் இருக்கும் விவரச் சரம்தான் பயன்படும். தாக்குபவர் வலை வழியாக வர முடியுமா, கருவிக்குள் ஏற்கெனவே இருக்க வேண்டுமா? கணக்கு ஏதும் தேவையா? நீங்கள் எதையாவது சொடுக்க வேண்டுமா? வலை வழியாக, கணக்கில்லாமல், யாரும் எதையும் சொடுக்காமல், முழுப் பாதிப்பு என்றால் 9.8. அதே பாதிப்பு, ஆனால் கருவிக்குள் ஒரு சாதாரணக் கணக்கு இருந்தால்தான் முடியும் என்றால் 7.8. இதற்காக 7.8-ஐ இளக்காரமாக நினைத்துவிட வேண்டாம். மதிப்பெண் சொல்வது ஓட்டையின் கடுமையை; அதை இப்போது யாராவது பயன்படுத்துகிறார்களா என்பதை அல்ல. அதற்கு அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021 நவம்பர் முதல் தனிப் பட்டியலே வைத்திருக்கிறது. பட்டியலில் ஏறிவிட்ட 7.8-க்கு இன்றே அப்டேட் போடுங்கள். ஏறாத 9.8, உங்கள் வலையமைப்பில் வெளியிலிருந்து எட்ட முடியாத இடத்தில் இருந்தால் அடுத்த நாளுக்குத் தள்ளலாம்.

காலையில் இருந்த மதிப்பெண் அடுத்த வாரமும் அப்படியே இருக்கும் என்பதும் இல்லை. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற, பல மென்பொருள்கள் பதிவுக் குறிப்பு எழுதப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பின் ஓட்டைக்கு வந்த முதல் திருத்தம் 2.15.0. அதில் மிச்சமிருந்த குறைக்கு முதலில் 3.7 கொடுத்தார்கள், பிறகு அதையே 9.0 ஆக்கினார்கள். அதே மாதத்தில் 2.16.0, 2.17.0, 2.17.1 என்று வரிசையாக வந்தன. முதல் நாள் செய்தியைப் படித்து அப்டேட் போட்டு நிம்மதியானவர்கள் திரும்பவும் அப்டேட் போட வேண்டியிருந்தது.

பதிப்பு எண் இல்லாத பாதுகாப்புச் செய்தியை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. 2024 மார்ச் 29 அன்று லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியில் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) இருப்பதாக மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் அறிவித்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் 0.3 நொடியில் முடிவதற்குப் பதில் 0.8 நொடி எடுக்கிறதே என்று துருவிப் பார்த்ததில் சிக்கியது அது. "லினக்ஸ் முழுவதும் ஆபத்தில்" என்று தலைப்புகள் பறந்தன. அவருடைய அறிவிப்பிலோ பாதிக்கப்பட்ட பதிப்புகள் இரண்டே இரண்டு: 5.6.0, 5.6.1. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் நிலையான பதிப்பில் அவை இல்லை. சோதனைக் கிளைகளில் இருந்தன. மென்பொருள்களை நிறுவி நிர்வகிக்கும் பொதி மேலாளரிடம் பதிப்பு எண்ணைக் கேட்டால் அரை நிமிடத்தில் விடை. அன்றைய விவாதங்களில் ஆயிரம் கருத்துகள் வந்தன. உதவியவை பதிப்பு எண்ணையும் சரிபார்க்கும் வழியையும் சொன்னவை மட்டுமே.

அதே ஆண்டு அக்டோபரில், குவாண்டம் கணினி 'ராணுவத் தர' குறியாக்கத்தை உடைத்துவிட்டது என்று ஒரு பரபரப்பு. உடைத்தது 22 பிட் எண். அதாவது 42 லட்சத்துக்குள் அடங்கும் ஏழு இலக்க எண். அதைக் காரணிப்படுத்தக் கைப்பேசிக்குக் கண்ணிமைக்கும் நேரம்கூட வேண்டாம். நடைமுறையில் உள்ள ஆர்எஸ்ஏ குறியாக்கத்தை உடைக்கக் காரணிப்படுத்த வேண்டிய எண் 2,048 பிட், 617 இலக்கம். குவாண்டம் காலத்துக்கான குறியாக்கத் தரங்களை அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் வெளியிட்டுவிட்டது. அவை பிரவுசர், இயங்குதள அப்டேட்டுகளோடு தாமாக வந்து சேரும். மூன்று மில்லியன் ஸ்மார்ட் டூத்பிரஷ்கள் சேர்ந்து ஒரு தளத்தைத் தாக்கின என்று 2024 பிப்ரவரியில் வந்த கதை இன்னும் மோசம். அது உதாரணத்துக்குச் சொன்ன கற்பனை நிலைமை, நடக்கவே இல்லை என்று பிறகு விளக்கம் வந்தது.

பெரிய செய்தி வந்த நாளில் நிஜமான ஆபத்து பெரும்பாலும் பக்கவாட்டில் வரும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. சைபர் தாக்குதல் என்று பேசிக்கொண்டார்கள், இல்லை. பிழையான கோப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் நின்றுபோன கணினிகளில் பலவற்றை ஒவ்வொன்றாகப் பாதுகாப்பு முறையில் ('சேஃப் மோட்') திறந்து, 291 என்ற எண் கொண்ட அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. வட்டு, விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியும் தேவைப்பட்டது. சாவியை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் ஆட்கள் தவித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் 'ஹாட்ஃபிக்ஸ்' (அவசரத் திருத்தம்) என்ற பெயரில் ஒரு ஜிப் கோப்பு சுற்றத் தொடங்கியது. உள்ளே இருந்தது கணினியைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் ரெம்காஸ். உண்மையான தீர்வில் தரவிறக்க எதுவுமே இல்லை. இருந்த ஒரு கோப்பை அழிப்பதுதான் வேலை.