ஹாட் ஸ்வாப்: 'சூடான மாற்று' அன்று

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் சேவையக அறையில், பழுதான வன்வட்டை மாற்றச் சொல்லியிருந்த மாணவர் வெகுநேரம் சும்மா நின்றிருந்தார். கேட்டதற்கு, "சூடு ஆறட்டும்னுதான் நிக்கேன், அண்ணாச்சி" என்றார். அவர் கையிலிருந்த தமிழ்க் குறிப்பில் ஹாட் ஸ்வாப் என்பது 'சூடான மாற்று' ஆகியிருந்தது.

இங்கே ஹாட் வெப்பத்தைக் குறிக்கவில்லை. மின்சாரம் ஓடும் கம்பியை ஆங்கிலத்தில் அவ்வாறு சொல்வார்கள். நாம் 'லைன்ல கரண்ட் இருக்கு' என்கிறோம். ஸ்வாப் என்பதன் பழம்பொருள் அடித்தல். பேரம் படிந்ததும் இருவரும் கையோடு கை தட்டிக்கொள்ளும் வழக்கத்தால் அது கொடுத்து வாங்குதலாயிற்று. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசியவர்களுக்கு இது வியப்பாக இராது.

ஆகவே, சேவையகத்தை நிறுத்தாமல், மின்சாரம் இருக்கும்போதே வட்டை உருவி வேறொன்றைச் செருகுவதே இதன் பொருள். சாட்டா, எஸ்ஏஎஸ் என்னும் இணைப்பு வகைகளைச் சேர்ந்த வட்டுகளின் மின்னிணைப்பில் எர்த் முனை முதலில் தொடுகிறது, அடுத்த முனை மின்சாரத்தை மெல்ல ஏற்றுகிறது, அதன் பிறகே மற்றவை சேர்கின்றன. உருவும்போது இந்த வரிசை தலைகீழாகிறது.

இச்சொல் உறுதியளிப்பது மின்பாதுகாப்பை மட்டுமே, தரவை அன்று. பல வட்டுகளைச் சேர்த்து ஒரே அடுக்காக இயக்கும் முறை ரெய்டு. அதன் வகைகளுள் ரெய்டு 0 அடுக்கில் ஒரு வட்டை உருவினால் எல்லாம் போயிற்று. ரெய்டு 5 ஒரு வட்டின் இழப்பைத்தான் தாங்கும். பழுதானதை விட்டுப் பக்கத்து நல்ல வட்டை உருவினால் அடுக்கே சரியும் என்பதால், முதலில் அடையாள விளக்கைச் சிமிட்டச் செய்து இடத்தை உறுதிசெய்து, தாழ்ப்பாளை விடுவித்து, வட்டைச் சற்றே இழுத்து, நிமிடத்துக்கு 7200 முறை சுழன்ற தகடு நிற்கும்வரை அரை நிமிடம் பொறுத்து, பின்பே முழுதாக உருவ வேண்டும். மாணவர் காத்திருந்ததில் அந்த அரை நிமிடத்துக்கு மட்டும் நியாயம் உண்டு. புதிய வட்டின் கொள்ளளவு பழையதற்குக் குறையக் கூடாது; செருகியதும் மற்ற வட்டுகளின் தரவிலிருந்து கணக்கிட்டு அது நிரப்பப்படும்.

தமிழில் 'இயங்குநிலை மாற்று' என்பதே என் தேர்வு. 'உடனடி மாற்று' என்பாரும் உளர். அது வேகத்தைச் சொல்கிறதேயன்றி நிறுத்தாமையைச் சொல்லவில்லை. வேறொரு வட்டு பழுதானால் அதன் இடத்தை ஏற்பதற்காக முன்பே செருகப்பட்டுச் சும்மா இருக்கும் ஹாட் ஸ்பேரைக் 'காத்திருப்பு வட்டு' எனலாம். எஞ்சுவது, வட்டைத் திருகாணிகளால் பற்றி உள்ளே கொண்டுசெல்லும் கேடி. தேயிலைப் பெட்டியைக் குறித்த இச்சொல்லின் வேர், ஏறக்குறைய 600 கிராம் கொண்ட மலாய் எடையளவு. நம் காவல்நிலையங்களில் கேடி என்றால் வேறு ஆள். எனவே கேடியை விட்டுவிட்டுச் 'சட்டம்' என்றே நான் எழுதிவருகிறேன்.