புதுக் கூட்டை எறும்புகள் தேர்ந்தெடுப்பது எப்படி?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மொட்டை மாடியில் துளசித் தொட்டியை நகர்த்தியபோது அடியிலிருந்த எறும்புக் கூடு கலைந்துவிட்டதாம். வெள்ளை வெள்ளையாக முட்டைகளைக் கவ்விக்கொண்டு அலைமோதிய எறும்புகள், சற்று நேரத்தில் கைப்பிடிச் சுவரின் ஒரே விரிசலுக்குள் சென்று மறைந்தனவாம். சுவர் நெடுக விரிசல்கள் இருக்க, அந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தது ராணி எறும்பா என்று கேட்கிறார்.

ராணி அல்ல. முட்டையிடுவதே ராணியின் வேலை. குடிபெயர்வில் அதற்கு எந்த அதிகாரமும் இல்லை. வாசகர் முட்டை என்று கருதியவற்றில் பெரும்பாலானவை புழுக்களும் கூட்டுப்புழுக்களுமாகவே இருக்கும்; உண்மையான முட்டைகள் மிகச் சிறியவை. எறும்பு முட்டையோடு மேட்டில் ஏறினால் மழை வரும் என்ற பழமொழியையும் அவர் நினைவூட்டுகிறார். ஈரம் புகுந்தால் எறும்புகள் கூட்டை மாற்றுவது உண்மைதான். ஆனால் தொட்டியை நகர்த்தினாலும் மாற்றும். அதை மழைக்கான முன்னறிவிப்பாகக் கொள்வதை நான் ஏற்பதில்லை.

கூடு தேடும் முறை மிகத் தெளிவாக ஆராயப்பட்டிருப்பது டெம்னோதோராக்ஸ் என்னும் சிற்றெறும்பில். இது இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமே உள்ளது. பாறை இடுக்குகளில் சில நூறு பேர் கொண்ட குடும்பமாக வாழ்வது. பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் நைஜல் ஃபிராங்க்ஸும், அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் பிராட்டும் தத்தம் குழுவினருடன் ஒவ்வோர் எறும்பின் முதுகிலும் வண்ணப் புள்ளிகள் இட்டு, எது எங்கே போகிறது என்று பல ஆண்டுகள் கவனித்திருக்கிறார்கள்.

கூடு சிதைந்ததும் ஒரு பகுதி எறும்புகள் மட்டும் இடம் தேடிப் புறப்படுகின்றன. ஓர் இடுக்கைக் கண்ட எறும்பு உள்ளே நடந்து, இருள் போதுமா, வாசல் குறுகலா, தரை விரிவானதா என்று சோதிக்கிறது. பிறகு உடனே ஆள் திரட்டக் கிளம்புவதில்லை; தயங்குகிறது. இந்தத் தயக்கத்தில்தான் முழு நுட்பமும் அடங்கியிருக்கிறது என்பேன். இடம் நன்றாக இருந்தால் தயக்கம் குறைவு, சுமாராக இருந்தால் அதிகம். தயங்கி முடிந்ததும் அது பழைய கூட்டிற்குத் திரும்பி, ஒரே ஒரு தோழியை அழைத்துக்கொண்டு நடக்கிறது. பின்னால் வருவது தன் உணர்கொம்புகளால் முன்னதன் பின்னங்கால்களையும் வயிற்றையும் தட்டிக்கொண்டே வரும். தட்டுவது நின்றால் முன்னது நின்று காத்திருக்கும். வழியை மனத்தில் பதித்துக்கொள்ளப் பின்னது அவ்வப்போது நின்று சுற்றிப் பார்ப்பதால் பயணம் மெதுவாகவே நடக்கிறது. இதைக் கற்பித்தல் என்றே சொல்லலாம் என்று ஃபிராங்க்ஸும் டாம் ரிச்சர்ட்சனும் 2006-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அழைத்து வரப்பட்ட எறும்பு, வழிகாட்டியின் முடிவை அப்படியே ஏற்பதில்லை. தானும் சோதித்து, தானும் தயங்கி, பிறகே அடுத்தவரை அழைக்கப் போகிறது. எனவே நல்ல இடத்தில் கூட்டம் வேகமாகவும் சுமாரான இடத்தில் மெதுவாகவும் சேர்கிறது. இரண்டு இடங்களையும் ஒப்பிட்டுப் பார்த்த எறும்பு ஒன்றுகூட இல்லாவிட்டாலும், ஒப்பீடு நடந்துவிடுகிறது.

அடுத்து வருவது, அடுக்குமாடிச் சங்கப் பொதுக்குழுவில் நாம் பார்க்கும் கோரம் (quorum), அதாவது முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை, போன்ற ஒன்று. புதிய இடத்தில் எறும்புகளின் எண்ணிக்கை ஓர் அளவைத் தாண்டியதும், அதாவது உள்ளே நடக்கும்போது தன் இனத்தார்மீது அடிக்கடி மோத நேர்ந்ததும், ஓர் எறும்பின் நடத்தை அடியோடு மாறுகிறது. அது இனி யாரையும் அழைத்து வருவதில்லை. பழைய கூட்டிற்குச் சென்று ராணி, குஞ்சுகள், சும்மா இருக்கும் தோழிகள் என எல்லோரையும் தூக்கிக்கொண்டு வருகிறது. தூக்கி வருவது அழைத்து வருவதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமானது. ஆனால் தூக்கப்பட்ட எறும்பு வழியைக் கற்பதில்லை. ஆகவே முடிவு உறுதியாகும்வரை கற்பித்தல், உறுதியானபின் சுமத்தல் என்று வேலை பிரிந்திருக்கிறது. காற்று வீசி ஆபத்து மிகும்போது இந்தக் கோரத்தின் அளவே குறைந்துவிடுவதை 2003-இல் ஃபிராங்க்ஸ் குழுவினர் காட்டினார்கள். அவசரத்தில் முடிவு விரைகிறது, தவறும் கூடுகிறது.

2012-இல் டகாவோ சசாகியும் பிராட்டும் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு கூடுகளுக்குப் பதில் எட்டுக் கூடுகளை முன்வைத்தபோது, தனி எறும்பின் தேர்வு மோசமடைந்தது. முழுக் குடும்பத்தின் தேர்வோ கெடவில்லை. குடும்பத்தில் ஒவ்வோர் எறும்பும் சில கூடுகளை மட்டுமே பார்க்க நேர்வதால், எந்த ஒன்றின்மீதும் எட்டையும் எடைபோடும் பாரம் விழுவதில்லை.

நம் நாட்டிலும் இந்தத் துறையில் நல்ல வேலை நடக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பயின்ற சுமனா அன்னகிரி, கொல்கத்தாவின் ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் டயகாமா என்னும் ராணியற்ற எறும்பை ஆராய்கிறார். அந்த எறும்பு குஞ்சுகளைத் தூக்கிச் செல்லுமே தவிர, வளர்ந்தவர்களைத் தூக்குவதில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்துத்தான் போகவேண்டும். இத்தகைய ஆய்வுக்குக் கோடிகள் தேவையில்லை. கேமரா, வண்ணம், பொறுமை, சில ஆண்டுகள் தொடர்ந்து கிடைக்கும் ஆய்வு உதவித்தொகை ஆகியவை போதும். இதனால் என்ன பயன் என்று முதல் ஆண்டிலேயே கேட்கும் நிதி முறையில் அந்தக் கடைசித் தேவைதான் முதலில் வெட்டப்படுகிறது. அது மாறவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.