தேக்கில் கிட்டார் செய்யலாமா?

கோவையில் எலக்ட்ரிக் கிட்டார் ரிப்பேர் பார்க்கிறவனிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. பொள்ளாச்சிப் பக்கம் பழைய ஓட்டு வீட்டைப் பிரிப்பார்கள், உத்தரம் ஒன்று மிஞ்சும், வீட்டில் கிட்டார் வாசிக்கிற பையனும் இருப்பான். “அண்ணா, தாத்தா காலத்துத் தேக்குங்க. லெஸ் பால் மாதிரி ஒண்ணு பண்ணிரலாமுங்களா?”

பண்ணலாம். ஆனால் லெஸ் பால் மாதிரியான பேர்போன அமெரிக்க எலக்ட்ரிக் கிட்டார்களில் அந்தந்த மரம் ஏன் வந்தது என்று முதலில் தெரிந்துகொண்டால் காசு மிச்சம்.

1950இல் முதலில் வேறு பெயரில் வந்து பிறகு டெலிகாஸ்டர் ஆன கிட்டாருக்கு ஆஷ் மரத்தில் பாடி, மேப்பிள் மரத்தில் நெக், அதாவது கழுத்து. இரண்டையும் சேர்ப்பது நான்கு திருகாணி. அதைச் செய்த லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர்க் கடைக்காரர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரையும் ஆஷில்தான் தொடங்கினார். 1956 வாக்கில் பெரும்பாலானவை ஆல்டர் மரத்துக்கு மாறின. ஆஷில் நுண்துளை அதிகம், பூசி அடைத்துத்தான் பெயின்ட் அடிக்க வேண்டும். ஆல்டரில் அந்தப் பாடு குறைவு. கிப்ஸன் கம்பெனி 1952இல் கொண்டுவந்த லெஸ் பால் வேறு வழி: மகாகனி பாடி, மேலே மேப்பிள் பலகை, பசை போட்டு ஒட்டிய மகாகனி நெக். அதே கம்பெனியில் 1961இல் வந்த மெல்லிய எஸ்ஜி மாடலில் பாடி, நெக் இரண்டும் முழுக்கவே மகாகனி.

ஆக, அவரவர் ஊரில் கிடைத்ததையும் வேலைக்கு வசதியானதையும் எடுத்துச் செய்தார்கள். கம்பிக்கு அடியில் இருக்கும் பிக்கப்பின் காந்தமும் சுருளும் ஸ்டீல் கம்பியின் அதிர்வைத்தான் மின்சாரமாக மாற்றுகின்றன. மரம் அந்த அதிர்வைக் கொஞ்சம் மாற்றும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மரத்தின் பெயருக்காகக் கூடுதலாகக் கொடுக்கிற பணத்தைப் பிக்கப்புக்கும், கம்பி உயரம் நெக் வளைவு சரிசெய்கிற செட்டப்புக்கும் போட்டால் வித்தியாசம் காதிலேயே தெரியும் என்பது என் கட்சி.

சரி, தேக்கு. ஆல்டரை விடக் கனம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் அளவு பாடியில் அரை கிலோவுக்கு மேல் கூடும், இரண்டு மணி நேரக் கச்சேரியில் தோள்பட்டை சொல்லும். எண்ணெய்ப் பசை உள்ள மரம், அதனால் இழைத்த கையோடு தின்னர் போட்டுத் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். பழைய உத்தரமென்றால் உள்ளே ஆணி இருக்கும், ரம்ப மில்காரர் திட்டுவார். பாடிக்கு மட்டும் என்றால் நம் தோட்டங்களில் வளர்கிற மலைவேம்பே எடை குறைவாக இருக்கும். நெக்குக்கு அதைத் தொடாதீர்கள், கம்பியின் இழுவைக்கு வளையும்.

எந்த மரமானாலும் ஈரம் பாருங்கள். ஈரமானியை அழுத்தினால் பத்து சதவீதத்துக்குக் கீழே காட்ட வேண்டும். கதவு நிலைக்குக் காய்ந்த மரம் கிட்டார் நெக்குக்குக் காய்ந்ததாகாது.

நம் பகுதியில் இது ரொம்ப முக்கியம். வால்பாறை மழையில் ஊறிய கிட்டாரை ஹாஸ்டலுக்குக் கரூர் கொண்டுபோகிறான் பையன். மாசி, பங்குனியில் ஃபிரெட்போர்டு, அதாவது நெக்கில் விரல் வைக்கிற பலகை, சுருங்கும். அதில் குறுக்கே பதித்த உலோக ஃபிரெட் சுருங்காது. நெக்கின் ஓரத்தில் கையை ஓட்டினால் ஃபிரெட் முனைகள் ரம்பப் பல்லாகக் கீறும். பொருள் மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். முனைகளை அரம் போட்டு, நெக்குக்குள் இருக்கும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடைக் கால் சுற்றுத் திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்புறம், வெயிலில் நிற்கிற காருக்குள் மட்டும் வைக்காதீர்கள்.

ஃபிரெட்போர்டுக்கு நம் ஆனைமலைத் தோதகத்தி, அதாவது இந்திய ரோஸ்வுட், உலகமே கேட்கிற மரம். அதனாலேயே சிக்கலும் உண்டு. இந்த மரங்களைக் காக்கவென்றே 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தமிழ்நாட்டில் வந்தது. 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் மொத்தமும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். பலகைக்கு அந்த விலக்கு இல்லை. ஆகவே யாராவது “எஸ்டேட் மரங்க, பில்லெல்லாம் வேண்டாங்க” என்று நீட்டினால் வாங்காதீர்கள். தோட்டத்தில் நிற்கிற மரமானாலும் வனத்துறையில் கேட்காமல் கை வைக்க வேண்டாம். பில்லோடு வாங்கியதை அறுக்கும்போதும் மாஸ்க் அவசியம், தூசி சிலருக்குத் தோலையும் மூச்சையும் படுத்திவிடும்.

கடைசியாக, என் மேசைக்கு அதிகம் வருவது லெஸ் பால் வகைதான், தலை உடைந்து. அதன் ஹெட்ஸ்டாக் பின்பக்கம் சுமார் 17 டிகிரி சாய்ந்திருக்கும். வளைவில் மரத்தின் ரேகை குறுக்காக ஓடும். டிரஸ் ராடு திருப்புவதற்கான பள்ளத்தையும் அங்கேயே தோண்டியிருப்பார்கள். சுவரில் சாய்த்து வைத்தது சரிந்து விழுந்தாலே போதும். உடைந்தால் கம்பியை மட்டும் தளர்த்திவிட்டு, சிதறிய சில்லையும் பொறுக்கி ஒரு கவரில் போட்டுக் கொண்டு வாருங்கள். வீட்டில் சூப்பர் க்ளூ விட்டுவிட்டால் அதைச் சுரண்டி எடுக்கவே பாதி நாள் போய்விடும், மரமும் கொஞ்சம் போய்விடும். க்ளூ விடாமல் கொண்டுவந்தால் நல்ல மரப்பசையும் கிளாம்ப்பும் போதும், மறுநாள் கம்பி ஏற்றிவிடலாம்.