பாதென்யா: தமிழில் எப்படிச் சொல்வது?

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி, கினி நாடுகளில் வாழும் மாண்டே மக்களின் மொழியில் ‘பா’ தாய், ‘தென்’ பிள்ளை, ‘யா’ நம்முடைய ‘-மை’, ‘-தனம்’ போன்ற ஒட்டு. சேர்த்தால் பாதென்யா, அதாவது தாய்ப்பிள்ளைத்தனம். ‘பா’வை எடுத்துவிட்டுத் தந்தையைக் குறிக்கும் ‘ஃபா’வைப் போட்டால் ஃபாதென்யா. எழுத்தில் ஓர் ஆய்தம்தான் கூடுகிறது, பொருள் தலைகீழாகிவிடுகிறது.

ஒருவருக்கு இரண்டு மூன்று மனைவிகள் இருக்கும் வீட்டை நினைத்துக்கொண்டால் புரியும். ஒரு தாயின் பிள்ளைகள் ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டு வளர்கிறார்கள். அப்பாவின் பெயரும் பதவியும் ஒன்றே ஒன்று. அதற்கு எல்லாத் தாய்மாரின் பிள்ளைகளும் போட்டி. எனவே பாதென்யா என்றால் பாசம், விட்டுக்கொடுத்தல், ஊரோடு ஒத்துப்போதல். ஃபாதென்யா என்றால் பொறாமை, மோதல், கூடவே பெயரெடுக்கும் வெறியும். அந்த வெறி இல்லாமல் வீரன் உருவாக மாட்டான் என்பதும் அவர்கள் கணக்கு.

இந்த இரண்டு சொல்லும் நடமாடுவதைப் பார்க்க வேண்டுமானால் சுண்டியாட்டா காவியத்துக்குப் போக வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவியவனின் கதை. ஜெலி எனப்படும் பாணர்கள் வாய்வழியாகப் பாடி வருவது. அவன் பெயருக்குப் பலரும் சொல்லும் விளக்கமே ‘சொகொலோனின் சிங்கம்’ என்பதுதான். சொகொலோன் அவன் தாய். அரசன் மகனை அம்மா பெயரால் அழைக்கிறார்கள்!

சொகொலோன் கூன் விழுந்தவள், அழகில்லாதவள் என்று ஊர் சிரித்தவள். பிள்ளையோ ஏழு வயதாகியும் நடக்கவில்லை. ஒருநாள் குழம்புக்குப் பெருக்க மரத்து (பவோபாப்) இலை இல்லை. மூத்தாள் சசூமாவிடம் கொஞ்சம் கேட்கிறாள். சுரைக்குடுவை நிறைய இலை வைத்திருந்த சசூமா, “என் மகன் ஏழு வயதில் நடந்துபோய் எனக்குப் பறித்துத் தந்தான், உன் மகனைக் கேள்” என்கிறாள். சொகொலோன் அழுதுகொண்டே வந்து மகனிடம் கொட்டுகிறாள். அன்றைக்கே இரும்புத் தடியை ஊன்றி எழுந்தவன், இலையைப் பறிக்கவில்லை. மரத்தையே பிடுங்கி வந்து தாயின் குடிசை வாசலில் போடுகிறான். இலை கேட்டது பாதென்யா, மரத்தைப் பிடுங்கியது ஃபாதென்யா என்று எனக்குத் தோன்றும்.

அப்புறம் சசூமாவின் பகைக்கு அஞ்சித் தாயும் பிள்ளைகளும் ஊரைவிட்டுப் போகிறார்கள். பல ஆண்டுகள் கழித்து, மேமா நகரச் சந்தையில் சுண்டியாட்டாவின் கூடப்பிறந்த தங்கை கொலொன்கான் ஒரு பெண் இலை விற்பதைப் பார்க்கிறாள். அந்த ஊரில் கிடைக்காத அதே பெருக்க இலை. விற்றவள் அவர்களைத் தேடி வந்த தூதுக் குழுவில் ஒருத்தி. சமையல் இலையை அடையாளம் தெரிந்த ஒருத்தியால்தான் அரசன் ஊர் திரும்புகிறான். மாலியைப் பிடித்திருந்த எதிரி அரசன் சுமாவோரோவின் உயிர் ரகசியத்தை அறிந்து வருபவளும் ஒரு சகோதரிதான். சில பாடல்களில் அவள் சசூமாவின் மகள் நானா திரிபான். சிலவற்றில் இதே கொலொன்கான்.

சரி, தமிழில்? ஃபாதென்யாவுக்கு யோசிக்கவே வேண்டாம்: பங்காளிக் காய்ச்சல். கசப்பை அப்படியே பிடித்துவிடுகிறது, புகழ் வேட்கையைத்தான் விட்டுவிடுகிறது. ‘தாயாதி’யும் இந்தப் பக்கம்தான். தாய் என்று ஒலிப்பதால் பாதென்யாவுக்குப் போட்டுவிடாதீர்கள். அது தாய் அல்ல, ‘தாயம்’, அதாவது சொத்துப் பங்கு.

பாதென்யாவுக்குச் சகோதரத்துவம் என்று எழுதலாம்தான். ‘சக உதரம்’, ஒரே வயிறு என்பதே அதன் வேர். ஆனால் மேடைகளில் தேய்ந்து, இன்று யாருக்கும் வயிறு நினைவுக்கு வருவதில்லை. ‘உடன்பிறப்பு’ கேட்டதுமே கட்சிக் கூட்டம் ஞாபகம் வருகிறது. ‘ஒரு வயிற்றுப் பிள்ளைகள்’ என்று வீட்டில் சொல்கிறோமே, அதிலிருந்து ‘ஒருவயிற்று உறவு’ என்று எடுத்துக்கொள்வேன். ஒரே இடத்தில் மட்டும் இடிக்கும்: நாடுகடந்த காலம் முழுக்கச் சுண்டியாட்டாவோடு நிழலாக இருந்த மாண்டென் போரி வேறொரு தாயின் மகன். அங்கே பாதென்யா என்றே விட்டுவிட்டு, ஓர் அடிக்குறிப்புப் போட்டுவிடுவேன்.