சிவப்புக் கோடு பிளஸ் இல்லை

"அண்ணா, வயரைக் குத்தின உடனே டப் எண்டு ஒரு சத்தம். பிறகு ஒரே மணம்."

போன மாதம் உப்புவெளியிலிருந்து வந்த தம்பி என் மேசையில் வைத்தது ஒரு டிஸ்டோர்ஷன் மொடியூல், அதாவது ஒலி அலையை வெட்டிக் கரகரப்பாக்கும் பலகை. தனித்தனி மொடியூல்களை வயரால் இணைத்து ஒலி உண்டாக்கும் தன்னுடைய மொடியுலர் சிந்தசைசருக்குத் தானே கட்டியது. கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் சாமான் வாங்கி வந்து, இரண்டு கிழமை இரவிரவாக இருந்து ஈயம் வைத்திருக்கிறான். ஒவ்வொரு மூட்டும் பளபளவென்று இருந்தது. ஆனால் ஒரு கப்பாசிற்றரின் தலை பிளந்திருந்தது. சிக்னலைப் பெருக்கும் டிஎல்072 ஐசியின் முதுகில் கடுகளவு கொப்புளம்.

திருவிழா சவுண்ட்ஸ்காரரின் அம்பிளிஃபயர்களையும் பிள்ளைகளின் கீபோட்களையும் திருத்திப் பழகிய எனக்கு, திருகோணமலைப் பிள்ளைகள் சொந்தமாக ஒலி கட்டத் தொடங்கியிருப்பதில் பெரிய சந்தோஷம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவன் ஈயம் வைத்ததில் பிழை இல்லை, பிழை நிறத்தில். இப்படியான மொடியூல்களுக்கான யூரோராக் என்ற அளவுமுறையை ஜெர்மனியின் டோப்ஃபர் நிறுவனம் 1990களின் நடுப்பகுதியில் கொண்டுவந்தது. மொடியூலுக்கு பிளஸ் 12 வோல்ற்றும் மைனஸ் 12 வோல்ற்றும் தட்டை வயர் வழியாக வரும். பத்துப் பின் கனெக்டரில் ஒரு ஓரம் பிளஸ், மறு ஓரம் மைனஸ், நடுவில் உள்ள ஆறும் கிரவுண்ட், அதாவது பூச்சிய வோல்ற். அந்த வயரின் சிவப்புக் கோடு மைனஸ் 12 வோல்ற் பக்கம். வாகன பற்றறியிலிருந்து மீற்றர் வயர் வரை சிவப்பு என்றால் பிளஸ் என்று நம் கை பழகிவிட்டது. அவனும் அப்படியே குத்தினான். வயர் திரும்பினால் கிரவுண்ட் இருந்த இடத்திலேயே இருக்கும், பிளஸும் மைனஸும் மட்டும் இடம் மாறும். ஐசி கொதிக்கும், கப்பாசிற்றர் வெடிக்கும்.

ஆகவே பலகையில் மைனஸ் பக்கத்தை மாக்கரால் கோடு போட்டுக் குறித்துவையுங்கள். இரண்டு மின்வழியிலும் கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் 1என்5817 டயோட் ஒவ்வொன்றைத் தொடராக வையுங்கள். கொஞ்ச வோல்ற் குறையும், அது பரவாயில்லை. வயர் திரும்பினாலும் கரண்ட் உள்ளே போகாது. ஐசியை நேரே ஈயம் வைக்காமல் சொக்கெற் போடுங்கள். ஐசி இல்லாமல் கரண்ட் கொடுத்து, எட்டாம் பின்னில் பிளஸும் நாலாம் பின்னில் மைனஸும் வருகிறதா என்று மீற்றரால் பார்த்த பிறகுதான் ஐசி.

அடுத்தது, நான் அடிக்கடி காணும் விஷயம். கிற்றாரின் ஒலியை மாற்றக் காலால் அமத்தும் பெடலின் சேர்க்கிற் ஒன்றை எடுத்து அப்படியே கட்டிவிடுகிறார்கள். கிற்றாரிலிருந்து வருவது ஒரு வோல்ற்றுக்கும் குறைந்த சிக்னல், அதனால் பெடல் அதைப் பல மடங்கு பெருக்கும். மொடியுலரில் அலையை உண்டாக்கும் ஒஸிலேற்றர் தருவதே ஏறத்தாழ பிளஸ் 5க்கும் மைனஸ் 5க்கும் இடையில் ஆடுகிறது. பாடப்புத்தகத்தில் இருவாயி என்று படித்த டயோட், 1என்4148 என்றால் 0.6, 0.7 வோல்ற்றிலேயே அலையின் தலையை வெட்டிவிடும். பெருக்காமலே நன்றாக வெட்டுப்படும் சிக்னலை இன்னும் பெருக்கினால், குமிழை எங்கே திருப்பினாலும் ஒரே இரைச்சல்தான். உள்ளே வரும் இடத்தில் குறைக்கும் குமிழ் வையுங்கள். பிறகு 10கே தடை ஒன்றைத் தாண்டி, எதிரெதிராக இரண்டு டயோட் கிரவுண்டுக்கு. வெட்டுப்பட்டதை ஏழெட்டு மடங்கு பெருக்கினால் மற்ற மொடியூல்களின் அளவுக்கு வந்துவிடும். ஒரு பக்கத்து டயோட்டைக் கழற்றி அந்த இடத்தில் சிவப்பு எல்இடி வைத்துப் பாருங்கள். மேலும் கீழும் வேறு வேறு உயரத்தில் வெட்டுப்பட்டு, இரட்டை எண் ஹார்மோனிக்குகளும், அதாவது மூல சுரத்தின் 2, 4 மடங்கு அதிர்வுகளும் சேரும். எனக்கு அந்தச் சத்தம்தான் பிடிக்கும், தொண்டை கட்டிய பாட்டுக்காரர் போல.

காது பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். மொடியூலின் வெளியீடு வீட்டுச் செற்றுக்குப் போகும் சாதாரண சிக்னலைவிடப் பத்து மடங்குக்கும் மேல். அதை நேராக ஹெட்ஃபோனில் குத்தாதீர்கள். சதுரமாக வெட்டிய அலை, அதே உயரமுள்ள சைன் அலையைவிட இரண்டு மடங்கு சக்தி கொண்டது. ஸ்பீக்கரில் கீச்சு ஒலி தரும் ருவீற்றர் எரிவதும் இப்படித்தான். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 80 டெசிபல் கிழமைக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணித்தியாலம்தான். கேட்காமல் போன காதுக்கு என் மேசையில் மருந்தில்லை, தம்பி தங்கைமாரே.

கடற்கரையில் இருப்பவர்கள் இன்னொன்று செய்யுங்கள். ஈயம் வைத்து முடிந்ததும் ஈயத்தோடு உருகி வந்து ஒட்டிய பிளக்ஸ் பிசினை ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் துடையுங்கள். நம் உப்புக்காற்று அந்தப் பிசினில் ஒட்டி, மழைக்காலம் முடிவதற்குள் செம்பு பச்சை பிடித்துவிடும். ஈயம் வைத்த கையைக் கழுவாமல் சாப்பிடவும் வேண்டாம்.

நேற்று அந்தத் தம்பி புதுப் பலகையோடு வந்தான். மீற்றரை அவனிடமே கொடுத்தேன். எட்டாம் பின் 11.8. நாலாம் பின் மைனஸ் 11.8. இரண்டையும் கொப்பியில் எழுதிவிட்டுத்தான் ஐசியைக் கையில் எடுத்தான்.