கண்ணாடில சிற்பம் செதுக்குறாங்களே, அது எப்படி?

குன்னூர் மார்க்கெட் பக்கம் கண்ணாடி கடைல பாத்திருப்பீங்க, கட்டர மண்ணெண்ணெய்ல தொட்டு ஒரே இழு, அப்புறம் லேசா ஒரு தட்டு, ஷீட் ரெண்டா வந்துடும். அது வெட்டே இல்லைங்க. மேல ஒரு கீறல் போட்டு விரிசல அது வழியாவே ஓட விடுறாங்க, அவ்ளோதான். அடுப்புல இளக்காத வரைக்கும் கண்ணாடிக்கு உடையத்தான் தெரியும். சிற்பம் செதுக்குறவங்களும் உடைக்கத்தான் செய்றாங்க, ஆனா கண்ணுக்கே தெரியாத துணுக்கு துணுக்கா.

ஸ்காட்லாந்துல அலிசன் கின்னேர்ட்னு ஒருத்தங்க இருக்காங்க, ஹார்ப் வாசிக்கிறதுலயும் பேர் வாங்கினவங்க, செம்புச் சக்கரம் வச்சுத்தான் கண்ணாடி செதுக்குவாங்க. மோஸ் கணக்குல (கடினத்த 1ல இருந்து 10 வரைக்கும் வரிசைப்படுத்துற அளவு) செம்பு கடினம் 3, கண்ணாடி 5.5 கிட்ட, அப்ப செம்பு எப்படி கண்ணாடிய தோண்டும்? தோண்டுறது செம்பு இல்ல. குருந்தப் பொடி மாதிரி கடினமான பொடிய (அது 9) எண்ணெய்ல குழைச்சு சக்கர விளிம்புல விடுவாங்க, செம்பு மெத்துன்னு இருக்கறதாலயே பொடி அதுல பதிஞ்சுக்கும், சுத்த சுத்த அதுதான் கண்ணாடிய சுரண்டும். பின்பக்கம் குழிச்சு முன்பக்கம் பாத்தா குழி புடைப்பா தெரியும், அதனால முகம் செதுக்கும்போது மூக்குக்குத்தான் ஆழம் ஜாஸ்தி. எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச விஷயமே இந்த தலைகீழ் கணக்குதான்.

செதுக்கின இடம் வெள்ளையா தெரியறது பெயிண்ட் இல்ல, சொரசொரப்புல பட்டு வெளிச்சம் சிதறுது. கின்னேர்ட் எல்இடியும் யூஸ் பண்ணுவாங்க, ஓரத்துல இருந்து விட்ட வெளிச்சம் வெளிய வர வழியில்லாம உள்ளயே மோதி மோதி போய் செதுக்கின கோட்டுல மட்டும் வெளிய வரும், கோடு தானா எரியற மாதிரி இருக்கும். ஊட்டி பழைய பங்களா ஃப்ராஸ்டட் ஜன்னல்ல சொரசொரப்பு பக்கமா ஈரக்கைய தடவுங்க, அந்த இடம் மட்டும் தெளிஞ்சுடும். ஒளிவிலகல் எண், அதாவது வெளிச்சத்த எவ்ளோ வளைக்கும்ங்கற கணக்கு, காத்துக்கு 1, தண்ணிக்கு 1.33, கண்ணாடிக்கு 1.5, தண்ணி பள்ளத்த ரொப்பினதும் வித்தியாசம் கம்மியாகி சிதறலும் கொறையுது. நம்ம ஊர் மிஸ்ட்டுக்கு அந்தப் பக்கத்த வெளிய வச்சு மாட்டினா பாத்ரூம் மானம் போச்சு.

உருக்கி வார்த்த பெரிய கண்ணாடிக் கட்டின்னா ஆற வைக்கிறதே தனி வேலை. வெளிப்பக்கம் முதல்ல இறுகி உள்பக்கம் அப்புறமா சுருங்கினா இழுவிசை உள்ளயே மாட்டிக்கும், சக்கரம் பட்டதும் பிளந்துடும். அமெரிக்கால பாலோமர் டெலஸ்கோப்புக்கு 1934ல வார்த்த 200 இஞ்ச் கண்ணாடிய கிட்டத்தட்ட 10 மாசம் ஆற வச்சாங்க. டஃபன்ட் கிளாஸ்ல (சூடாக்கி சட்டுனு குளிர வச்சு பலப்படுத்தின கண்ணாடி) அந்த இழுவிசைய வேணும்னே ஏத்தி வச்சிருக்காங்க, ஆழமா தோண்டினா மொத்தமும் பொலபொலன்னு கொட்டிடும், அதனால கதவுல டிசைன் செதுக்கணும்னா டஃபன் பண்றதுக்கு முன்னாடியே கடைக்காரர்ட்ட சொல்லிடுங்க.