பனிக்காலம் இல்லாத ஊரில் ஒரு மேப்பிள்: வாடிய மரத்தை மீட்டு போன்சாய்க்குத் தயார்செய்தல்

இலையெல்லாம் கருகி, மண் சேறாகி, யாரோ வேண்டாமென்று வைத்துவிட்டுப் போன, குளிர்நாட்டு மரமான மேப்பிளின் செடி கைக்கு வந்தால், மரத்தைச் சிறு தொட்டியில் குட்டையாக வளர்க்கும் போன்சாய் ஆர்வலர் முதலில் கத்தரிக்கோலைத் தேடுவார். அதைத் தள்ளி வையுங்கள். மெலிந்த மரத்துக்கு, மிச்சமிருக்கும் இலையும் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தும்தான் கைமுதல். பாதி கருகிய இலையின் பச்சைப் பாதி இன்னும் சர்க்கரை செய்துகொண்டிருக்கிறது. கிளை நுனிகளில் சுரக்கும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி கீழிறங்கிப் புது வேர் விடத் தூண்டுகிறது. நுனியை வெட்டினால் இரண்டும் போய்விடும்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்கக் கிளை நுனியில் நகத்தால் பட்டையை இலேசாகக் கீறுங்கள். ஈரப் பச்சை தெரிந்தால் அந்தக் கிளை உயிரோடிருக்கிறது. பழுப்பாக உலர்ந்திருந்தால் சற்றுக் கீழே கீறிப் பாருங்கள். அடித்தண்டில் மட்டும் பச்சை இருந்தாலும் நம்பிக்கை உண்டு. சிவப்பிலை மேப்பிள்கள் பெரும்பாலும் சாதாரணப் பச்சை மேப்பிளின் அடித்தண்டில் ஒட்டுக்கட்டியவை. மேலே ஒட்டிய பகுதி செத்து, கீழிருந்து பச்சைத் தளிர் வந்தால் வருந்தத் தேவையில்லை. ஒட்டுக்கட்டிய இடத்து வீக்கம் போன்சாயில் எப்போதும் உறுத்தும். அந்த வீக்கமே இல்லாத மரம் கிடைத்ததென்று கொள்ளலாம்.

அடுத்தது வேர். தொட்டியிலிருந்து மண்கட்டியை முழுதாக வெளியே எடுத்துப் பாருங்கள். வேர்கள் வெளிர்நிறமாக, உறுதியாக இருந்தால் கலைக்காதீர்கள். அப்படியே சற்றுப் பெரிய தொட்டியில் இறக்கி, சுற்றிலும் புதுக்கலவை நிரப்பினால் போதும். மேப்பிளின் வேரைக் கலைக்க ஏற்ற காலம், குளிர்கால உறக்கம் முடிந்து மொட்டு பருக்கும் சில நாள்கள்தான். நம் சிங்கப்பூரில் அப்படியொரு பருவம் தானாக வருவதில்லை. ஆனால் வேர் கறுத்து, இழுத்தால் தோல் கழன்று, நாற்றம் அடித்தால் காத்திருக்கக் கூடாது. பழைய மண்ணைக் கழுவி, கிருமிநீக்கும் ஆல்கஹாலால் துடைத்த கத்தரியால் அழுகியதை உறுதியான பகுதிவரை வெட்டி, உடனே நட்டுவிட வேண்டும். தண்டைக் கம்பியால் தொட்டியோடு கட்டுங்கள். காற்றில் மரம் ஆடினால் புதிதாக வரும் வேர்த்தூவிகள் அறுந்துகொண்டே இருக்கும்.

மீட்பு தோற்பது பெரும்பாலும் தொட்டியால்தான். நீர் ஊற்றி வடிந்த பிறகும் தொட்டியின் அடியில் ஓர் அடுக்கு முழு ஈரமாகவே நிற்கும். நுண்துளை விசை, ஈர்ப்பு விசைக்கு எதிராக அந்த நீரைப் பிடித்து வைக்கிறது. அந்த அடுக்கின் உயரத்தைத் தீர்மானிப்பது மண்துகளின் பருமன்தான், தொட்டியின் ஆழம் அல்ல. பாத்திரம் துலக்கும் பஞ்சை நனைத்துப் படுக்கையாகப் பிடித்து, சொட்டு நின்றதும் நிமிர்த்திப் பாருங்கள், மேலும் நீர் சொட்டும். அதே பஞ்சு, அதே துளைகள், உயரம் மட்டுமே கூடியது. ஆகவே ஆழமில்லாத போன்சாய்த் தட்டில் நோயுற்ற மரத்தை வைப்பது அதன் வேரைச் சேற்றில் வைப்பதற்குச் சமம். மீட்புக் காலத்தில் ஆழமான சாதாரணத் தொட்டியே நல்லது. அடியில் கல் பரப்பினால் நீர் வடியும் என்ற நம்பிக்கை தவறு. ஈர அடுக்கு கல்லுக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் நெருக்கமாகும்.

கலவைக்கு 3 முதல் 6 மில்லிமீட்டர் பருமனுள்ள பியூமிஸ் என்னும் எரிமலை நுரைக்கல்லும் லாவா கல்லும் சமபங்கு போதும். தூளைச் சலித்து நீக்காவிட்டால் அது இடுக்குகளை அடைத்துவிடும். அகடமா என்னும் ஜப்பானியக் களிமண் துகள் சேர்ப்பதானால் கொஞ்சமாகச் சேருங்கள், தொடர் மழையில் அது மெல்லக் குழைந்துபோகும். ஒரு மரக்குச்சியைக் கலவையில் செருகி வைத்து, எடுத்துப் பார்த்து, ஈரம் குறைந்திருந்தால் மட்டும் நீர் ஊற்றுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டாம். அதில் தேங்கும் நீரில், டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக்கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். உரமும் வேண்டாம். வேரில்லாத மரத்துக்கு உப்புச்செறிவு கூடினால் நீர் உறிஞ்சுவதே கடினமாகும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் வைப்பவர்கள் காலை வெயில் விழும் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். மாலை மேற்கு வெயில் இலையைவிட வேரை அதிகம் தாக்கும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் சூடேறி, சுவரோரத்து வேர்களை வேகவைத்துவிடும். அதை இன்னொரு பெரிய தொட்டிக்குள், காற்றிடைவெளி விட்டு இறக்கி வைத்தால் சூடு குறையும். உயர்மாடியில் காற்றையும் கவனியுங்கள். ஈரப்பதமான நம் ஊரில் இலையோரம் கருகினால், வறண்ட காற்றைக் குறைசொல்வதற்கு முன் வேரையும் மாடிக்காற்றையும் பாருங்கள்.

இத்தனையும் செய்து மரம் தளிர்த்தாலும் பெரிய தடை ஒன்று பாக்கியிருக்கிறது. மேப்பிள் குறுகும் பகலையும் குளிரையும் வைத்தே உறக்கநிலைக்குப் போகும் நேரத்தை அறிகிறது. சிங்கப்பூரில் ஆண்டின் நீளமான பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் பத்து நிமிடத்துக்குச் சற்றே முன்பின். இரவுகூட 25 பாகை செல்சியஸ் அளவில் நிற்கிறது. வெப்பம் 10 பாகை கூடினால் தாவரத்தின் சுவாசம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். பகலில் செய்த சர்க்கரையை மரம் இரவில் எரித்துவிடுகிறது, சேமிப்பு கரைகிறது. முதல் ஆண்டு பழைய சேமிப்பால் பச்சையாக நிற்கும் மரம், பிறகு ஒழுங்கற்ற தளிர்களோடு கிளை கிளையாகக் காய்கிறது.

இதற்குக் குளிர்பதனப் பெட்டிதான் வழி. மரம் சிறியதாகவும் நன்கு தேறியதாகவும் இருந்தால் மட்டுமே இதில் இறங்குங்கள். குளிரூட்டிய அறையில், 18 முதல் 20 பாகையில், நாளுக்கு எட்டு மணிநேர வெளிச்சம் மட்டும் கொடுத்து இரண்டு மூன்று வாரம் வையுங்கள். இலை மஞ்சளானதும் காம்பை விட்டுவிட்டு இலைப்பரப்பை நீக்கி, 2 முதல் 5 பாகையில் பெட்டிக்குள் வையுங்கள். மேப்பிளுக்குச் சுமார் 1,000 மணிநேரக் குளிர் வேண்டும் என்பது வளர்ப்போர் கணக்கு, அதாவது ஆறு வாரம். உறைபனி அறைக்கு அருகில் வேண்டாம். தொட்டியைப் பையால் மூடி, வாரம் ஒருமுறை ஈரமும் பூஞ்சையும் பாருங்கள். அதே பெட்டியில் ஆப்பிளோ மாம்பழமோ வைக்கவே கூடாது. பழம் விடும் எத்திலீன் வாயு மொட்டுகளைக் கெடுக்கும். வெளியே எடுத்ததும் மொட்டு பருக்கும் அந்தச் சில நாள்களில்தான் வேர் வேலை செய்யலாம்.

இவ்வளவு பொறுமை எல்லாருக்கும் இருக்காது, அதில் குறையொன்றுமில்லை. புதிதாக வாங்குவதென்றால் மேப்பிளை வாங்காதீர்கள். இந்த வெயிலிலேயே செழிக்கும் வாட்டர் ஜாஸ்மினோ ஆலமர இனமான ஃபைக்கஸோ அதே கலையை வேகமாகக் கற்றுத்தரும். கையில் இருப்பது மேப்பிள்தான் என்றால், ஜப்பானிய மேப்பிளைவிட டிரைடென்ட் மேப்பிள் வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும்.

மரம் தேறியதற்கு அடையாளம் ஒரு தளிர் அல்ல. சேமிப்பிலிருந்தும் ஒரு தளிர் வரும். தளிர்கள் நான்கைந்து ஜோடி இலைவரை நீண்டு, அவை முற்றி, இரண்டாம் முறையும் தளிர்த்தால்தான் வேர் பிடித்ததென்று பொருள். மென்மையான உரத்தைப் பாதி அளவில் அப்போது தொடங்கலாம். மேல்மண்ணை மெல்ல விலக்கி, அடித்தண்டிலிருந்து வேர்கள் எந்தப் பக்கம் நன்றாகப் பரவுகின்றன என்று பாருங்கள். மரத்தின் முகப்பை அதுதான் முடிவுசெய்யும். தண்டு பருக்க வேண்டுமானால் ஒரு கிளையை வெட்டாமல் நீளவிடுங்கள். கிளையை வளைத்து வடிவமைக்கக் கம்பி சுற்றினால் வாரந்தோறும் பாருங்கள். மேப்பிளின் பட்டை மெல்லியது, தளிர் வேகமாகப் பருக்கும்போது கம்பி சில வாரங்களிலேயே பதிந்து, ஆண்டுக்கணக்கில் மறையாத தழும்பை விடும்.